ஓடை வளைவு லைட்

என் தொழில் என்னவென்று ஒருத்தருக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பாயா என்று கேட்பார்கள். பற்றிக்கொண்டு வரும். நான் பார்ப்பது கைக்கு எட்டாத மெஷின்களின் வேலை. போடியில் ஏலக்காய்க் குடோனுக்கு மேல்மாடி அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். மெஷின் எங்கோ மலையில், ஏதோ ஒரு தோட்டத்து அறையில் கிடக்கும். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. சிம் கார்டு வழியாக உள்ளே நுழைந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த வழியை நானே தெரியாத்தனமாக அடைத்துவிட்டால் தொலைந்தது. மெட்டு என்கிற மலைப்பாதை ஏறிப் போய்த்தான் அதைத் தொட முடியும்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினின் வாசலில் கை வைப்பதற்கு முன் அதனிடமே ஒரு உத்தரவு போட்டுவிடுவோம். இருபது நிமிஷத்தில் நான் உள்ளே வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால், நீயாகவே அணைந்து எழுந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடு. செய்த மாற்றம் சரியாக இருந்தால் உள்ளே போய் அந்த உத்தரவை ரத்துச் செய்வோம். தப்பாகி வெளியே மாட்டிக்கொண்டாலும் பயமில்லை, மெஷினே ரீஸ்டார்ட் ஆகிக் கதவைத் திறந்துவிடும். எத்தனையோ முறை இந்தப் பழக்கம் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு இதே பழக்கம்தான் என் அக்காவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

அக்கா பெயர் வீரலட்சுமி. சிலமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிற ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறாள். அவள் புருஷன் பெரியகருப்பன், என் மச்சான், ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு மெட்டு ஏறுவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மச்சான் ஹாரனை நீட்டி அடித்தால் வண்டி கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அந்த ஜீப்பை விட்டால் அவர்களுக்கு ஊர் வந்து சேர வேறு வண்டி கிடையாது.

அந்தத் தோட்டத்தில் ஒருவரை ஆனை அடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். காட்டுக்குள்ளிருந்து ஜீப் ரோட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதை ஓர் ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஓடைக்கரையில் ஒரு பம்புசெட் ரூம். அதற்குள் என் சர்வர். மேட்டில் ஒரு கம்பத்தில் கேமராவும் சர்வரின் சிம்முக்கான ஆண்டெனாவும். கேமரா ஆனையைக் கண்டால் சர்வருக்குச் சொல்லும், சர்வர் பாதை வளைவில் இருக்கிற சிவப்பு லைட்டை எரிய விடும். லைட் எரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும். எரியாவிட்டால் ஆனை இல்லை, வரலாம். அந்தப் பள்ளத்தில் போனுக்கு டவர் கிடைக்காது, அதனால்தான் லைட்டுக்குப் போனோம்.

இதை நான் அமைத்த நாளிலிருந்து அக்காவுக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் சோறு இறங்காது. "நீ கீழ காத்தாடிக்கு அடியில உக்காந்துக்கிட்டு ஆனைக்கு நாட்டாமை பண்றியாக்கும்" என்பாள். உள்ளுக்குள் பெருமைதான். எனக்குத் தெரியும்.

அன்று போடியில் பகல் முழுக்கக் கரண்டு கிடையாது, பராமரிப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் இன்வெர்ட்டர் மத்தியானமே கண்ணை மூடிவிட்டது, அதோடு ஆபீஸ் நெட் லைனும் போனது. நான் என் போனிலிருந்து நெட்டை எடுத்து லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து, எங்கிருந்தோ எவனோ தோட்டத்துச் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். பாஸ்வேர்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். இந்த மாதிரிக் களவாணிகள் ராப்பகல் பார்க்காமல் உலகம் பூராவும் கதவு தட்டுவது சகஜம்தான். ஆனால் இவன் தட்டின தட்டில் சிம்மின் வேகம் படுத்து, கேமராப் படமே வராமல் நின்றது. எனக்கு வந்ததே கோபம்.

வேலை விடுகிற நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஆனை எதுவும் இல்லை, லைட்டும் எரியவில்லை. பழக்கப்படி ரீஸ்டார்ட் உத்தரவைப் போட்டேன். அப்புறம், எங்கள் ஆபீஸ் லைனிலிருந்து வருகிறவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாதே என்று வாசலை இறுக்கினேன். என்டரைத் தட்டினேன். திரை அப்படியே நின்றுவிட்டது.

நான் உட்கார்ந்திருப்பது ஆபீஸ் லைனில் இல்லை, என் போனில். களவாணியோடு சேர்த்து என்னையும் நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஆனாலும் பதறவில்லை. இருபது நிமிஷம்தானே, தானாக அணைந்து எழும், கதவு திறக்கும் என்று கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். பாதி டீ குடிக்கும்போது மச்சானிடமிருந்து போன்.

"மாப்ளே, லைட்டு எரியுது. ஆனை பம்புசெட்டு ரூமை ஒட்டி நிக்கிது, மூங்கி ஒடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. பொம்பளையாளுக அங்கிட்டு வளைவுலயே நிக்கிறாளுக. மேகம் வேற எறங்குது. எப்ப மாப்ளே அணையும்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன்.

எப்போது அணையும் என்று எனக்குத் தெரியும். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது லைட்டும் அணையும். மறுபடி எழுந்து, கேமராவிடம் பேசி, ஆனை நிற்கிறது என்று புரிந்துகொண்டு லைட்டைப் போட இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அந்த நேரம் பாதை இருட்டாகக் கிடக்கும். எரியாவிட்டால் வரலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வளைவிலிருந்து பம்புசெட் ரூம் தெரியாது, ஓடை இரைச்சலில் மூங்கில் ஒடிகிற சத்தமும் கேட்காது, மேகம் இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கிற ஆனைகூடத் தெரியாது. லைட் அணைந்ததும் ஆனை போய்விட்டது என்று நம்பி நேராக அதன் காலடிக்கு நடந்து வருவார்கள். என் அக்கா எப்போதும் முன்னால்தான் நடப்பாள், அவளுக்குப் பின்னால் வரத் தெரியாது.

யாரையாவது பம்புசெட் ரூமுக்கு அனுப்பி ஒயரைப் பிடுங்கச் சொல்லலாம் என்றால் அங்கே ஆனை நிற்கிறது. மச்சான் நடந்து போய்ச் சொல்லலாம் என்றால் நடுவில் ஓடை, அங்கேயும் அதே ஆனை. ஆபீஸ் லைன் வரக் கரண்டு வர வேண்டும். கரண்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு தெருவுக்காக ஊர் மின்சாரத்தை விடு என்று கேட்டால் யார் விடுவார்கள்?

மச்சானிடம் மறைக்க நேரமில்லை, இருக்கிறபடியே சொன்னேன்.

"மச்சான், இன்னும் கொஞ்ச நேரத்துல லைட்டு அணையும். ஆனா ஆனை போயிருக்காது. அவங்க வரக்கூடாது."

நான் பாத்துக்கிறேன் மாப்ளே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்காமல் விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு அப்போது மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கேமரா. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் கேமராவுக்கென்று தனியாக ஒரு சிம் போட்டு வைத்திருந்தான். இது தண்டம், எடுத்துவிடுங்கள் என்று நானே இரண்டு தடவை சொல்லியிருந்தேன், நல்லவேளையாக யாரும் காதில் வாங்கவில்லை. நான் அடைத்தது வெளிவாசலைத்தான். தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற கேமராவிலிருந்து சர்வருக்குப் போகிற உள்வழியை நான் தொடவில்லை. கேமராவுக்குள் நுழைந்தால் அங்கிருந்து சர்வருக்குத் தாண்டலாம்.

அதற்கும் என் போன்தான் வழி. பழைய போன், அதில் பேசினால் நெட் நின்றுவிடும். நெட் வேண்டுமானால் பேசக்கூடாது. இனி மச்சான் கூப்பிட்டாலும் எடுக்க முடியாது.

கேமராவின் கதவு திறந்தது. ஆனால் ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் வந்து உட்காரப் பெருமூச்சு ஒன்று விட்டு முடிக்கிற நேரம் பிடித்தது. மேகம் இறங்கினால் அந்த மேட்டில் டவர் இப்படித்தான் திணறும். நான் அடித்தது போய்ச் சேர்ந்ததா, இல்லை வழியிலேயே நிற்கிறதா என்று தெரியாமல் இன்னொரு முறை அடிக்கக் கை பரபரத்தது. அடித்தால் எழுத்து இரண்டாக விழுந்து கட்டளை கெட்டுப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சர்வருக்குத் தாண்டினேன், பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தப்பு என்று வந்தது. ஏதோ ஓர் எழுத்தில் விரல் தவறியிருக்கிறது. இன்னொரு தடவை தப்பினால் உள்வழியும் சிறிது நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும், களவாணிகளுக்காக நானே வைத்த பூட்டு அது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். "அடியே அக்கா, கொஞ்சம் பொறுடி" என்று வாய்விட்டே சொன்னேன். அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால், ரேகை வைக்கிற கிழவனைப் போல அடித்தேன்.

கதவு திறந்தது.

ரீஸ்டார்ட் உத்தரவை ரத்துச் செய்கிற வரியை அடித்து அனுப்பினேன். ஆகிவிட்டது, ஆகவில்லை என்று மெஷின் வாயைத் திறக்காது, அப்படி ஒரு ஜென்மம். நாமாகத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டேன். நிலுவையில் எந்த உத்தரவும் இல்லை என்று வந்தது. இரண்டு நிமிஷம்கூட மிச்சம் இருக்கவில்லை.

உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன். லைட் இப்போது அணையாது, அக்கா அங்கேயே நிற்பாள், ஆனை தன் பாட்டுக்குப் போகும். கேமராவுக்குள்தானே இருக்கிறோம், ஒரு படம் பார்த்துவிடலாம் என்று எடுத்தேன். படம் மேலிருந்து கீழாக மெதுவாக விரிந்தது. மேகத்துக்குள் சிவப்பாக லைட் எரிவது தெரிந்தது. பம்புசெட் ரூமை ஒட்டிக் கறுப்பாக ஆனையின் முதுகு தெரிந்தது.

லைட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரிசையாகப் பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் படம் பழையதோ என்று நினைத்தேன். அடுத்த படம் எடுத்தேன். முன்னால் வருகிறவள் தலையில் சாக்கு மடித்துப் போட்டிருக்கிறாள், இடுப்பில் தூக்குவாளி. அக்காதான். எரிகிற லைட்டுக்குக் கீழே ஏன் நடக்கிறாள், கண் அவிந்துவிட்டதா என்று கத்தினேன். கீழே குடோனில் காய் புடைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாத்துக்கிறேன் என்றாரே மச்சான். ஒற்றை ஆளாக ரோட்டில் நிற்கிற டிரைவர் என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? அவரிடம் இருப்பது ஹாரன் ஒன்றுதான். சத்தம் கேட்டால் ஆனை ஒதுங்கிவிடும் என்று நீட்டி அடித்திருக்கிறார். ஆனை மூங்கிலை விட்டு நகரவில்லை. அங்கிட்டு நிற்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், ஜீப் கிளம்புகிறது, ஓடி வா. தன் பெண்டாட்டியைக் காப்பாற்ற நினைத்து அவரே அவளை ஆனையிடம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்தலாம். ஆனால் போனில் பேசினால் நெட் அறுந்துவிடும், மறுபடி உள்ளே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. அதற்குள் அவர்கள் ஓடைக்கு வந்துவிடுவார்கள். ஹாரன் நின்றால் மட்டும் அவர்கள் நிற்பார்களா? வண்டி போயிற்று என்று இன்னும் வேகமாக ஓடி வருவார்கள்.

என் கையில் இருந்தது அந்த லைட் ஒன்றுதான். அதுவோ ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது, யாரும் அதை மதிக்கவில்லை. இதற்கு மேல் நான் செய்யக்கூடியது அதை அணைப்பது. எது அணைந்துவிடக்கூடாது என்று இவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்தேனோ, அதையே என் கையால் அணைக்க வேண்டும். தப்பினால் ஆயுசுக்கும் நான்தான் அக்காவைக் கொன்றவன். குலதெய்வத்தைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை எனக்கு.

அணை என்று அடித்தேன். உடனே எரி என்று அடித்தேன். அணை. எரி. அணை. எரி. ஒன்று போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அடுத்ததைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. விரல் வலித்தபோது நிறுத்தி ஒரு படம் எடுத்தேன்.

அக்கா நின்றிருந்தாள். லைட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வருகிறவர்களை மறித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அணை, எரி என்று தட்டினேன். அடுத்த படத்தில் எல்லோரும் ஒரே கொத்தாக வளைவுக்குப் பின்வாங்கியிருந்தார்கள். அதற்கடுத்த படத்தில் பம்புசெட் ரூம் பக்கத்தில் ஆனை இல்லை. பாதையின் மேலேயே நின்றது. சற்று முன் அக்கா நின்றிருந்த அதே இடத்தில், மேகத்துக்குள் அதன் காதும் தும்பிக்கையும் தெரிந்தன. நான் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரொம்ப நேரம் அது அங்கேயே நின்றது. பிறகு சரிவில் ஏறிக் காட்டுக்குள் போனது. கேமரா அதைத் தேடிப் பார்த்து, காணோம் என்று சொல்ல, லைட் தானாகவே அணைந்தது. நான் எதையும் தொடவில்லை. பெண்கள் ஓடையைத் தாண்டுகிற வரைக்கும் படம் படமாகப் பார்த்தேன். கடைசி ஆள் ரோட்டில் ஏறியதும் நெட்டை அறுத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். எடுத்தது அக்கா.

"டேய் பாண்டி, ஒன் லைட்டு கெட்டுப்போச்சுடா" என்றாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கெட்டுப்போனது இருக்கட்டும், சிவப்பு எரியும்போது எதற்கு நடந்தாய், கூறுகெட்டவளே என்று திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. ஹாரன் கேட்டால் எப்போதும் வந்துவிடுவதுதான் என்றாள். லைட் எரிந்தாலும் ஓரமாக, சத்தம் காட்டாமல் வந்துவிடுவார்களாம். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித்தானாம். ஜீப்பை விட்டுவிட்டுக் காட்டுக்குள்ளேயா படுப்பது என்று கேட்டாள்.

"அப்ப இன்னைக்கு மட்டும் ஏன்க்கா நின்ன?"

ஜீப் இன்ஜின் உறுமுவதும் பின்னால் பெண்கள் பேசுவதும் கேட்டன.

"லைட்டு செவப்பா எரிஞ்சா, கீழ எந்தம்பி முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான்னு ஒரு தெம்புடா. ஆனை கிட்ட வந்தா நீ ஏதாச்சும் பண்ணிருவேன்னு. அந்தத் தெம்புலதான் இம்புட்டு நாளும் வந்தோம். இன்னைக்கு அது அணைஞ்சு அணைஞ்சு எரியவும், நீ அங்க இல்லையோன்னு ஆயிருச்சு. பயந்துட்டேன். நின்னுட்டேன்."

லைட் எரிந்ததா என்று ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். அதன் கீழே யார் நடந்து போனார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் ஆபீஸைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்த சாயங்காலங்களிலும் அவள் நான் பார்க்கிறேன் என்று நம்பி ஆனைக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறாள்.

காலையில் ஜீப்பில் நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்குடா? எல்லாத்தையும் அங்கன உக்காந்தே பண்ணிருவேம்பியே" என்றாள்.

"முடியலக்கா" என்றேன்.